சதுர அடியா, கன அடியா? முதன்முறை வீடு அளப்பவர்களுக்கு

சேலத்தில் வீடு கட்டப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "சதுர அடி என்ன ரேட்டுக்குப் பேசியிருக்கீங்க?" அழகாபுரத்தில் கட்டினாலும் சரி, கொண்டலாம்பட்டியில் கட்டினாலும் சரி, பேச்சு சதுர அடியில் தொடங்கி சதுர அடியிலேயே முடிந்துவிடும். வேலை ஆரம்பித்த பிறகு வாசலில் வந்து இறங்குபவையோ வேறு கணக்கில் வருகின்றன. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) யூனிட்டில் வரும். ரெடிமிக்ஸ் கான்கிரீட் கன மீட்டரில் வரும். தண்ணீர் லாரி லிட்டரில் வரும். இவை எல்லாம் கன அளவு. டைல்ஸ், பெயின்ட், பூச்சு வேலை ஆகியவை பரப்பளவு. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு கிழிப்பது என்று தெரியாமல் இருந்தால், எஸ்டிமேட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பள்ளிக்கூடக் கணக்கு மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை. பெருக்கத் தெரிந்தால் போதும். ஒரு 5 மீட்டர் டேப், ஒரு 100 அடி டேப், ஒரு நோட்டு, போனில் கால்குலேட்டர். லேசர் மீட்டர் இருந்தால் உயரம் அளக்க வசதி. இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

முதலில் இந்தக் கேள்வி: பரப்புகிறோமா, நிரப்புகிறோமா?

டேப்பை விரிப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் அளக்கும் பொருள் ஒன்றின் மேல் பரவப் போகிறதா, அல்லது ஓர் இடத்தை நிரப்பப் போகிறதா? தரையில் டைல்ஸ் பரவுகிறது, சுவரில் பெயின்ட் பரவுகிறது. இவற்றுக்கு இரண்டு அளவுகள் போதும்: நீளம், அகலம். பெருக்கினால் சதுர அடி. குழியில் மண் நிரம்புகிறது, சென்ட்ரிங் பலகைக்கு மேல் கான்கிரீட் நிரம்புகிறது, சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், தண்ணீர் நிரம்புகிறது. இவற்றுக்கு மூன்றாவதாக உயரமோ ஆழமோ கனமோ (தடிமனோ) வேண்டும். மூன்றையும் பெருக்கினால் கன அடி. சுற்றுச்சுவர், கைப்பிடிக் கம்பி, பைப் லைன் போன்றவை வெறும் நீளம். அவற்றை ரன்னிங் அடியில் பேசுவார்கள்.

என்ஜினியர் கொடுக்கும் எஸ்டிமேட்டில் இதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம் என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒரு வரியில் மூன்று அளவுகளும் நிரம்பியிருந்தால் அது கன அளவு. ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் பரப்பளவு. நீளம் மட்டும் இருந்தால் ரன்னிங் அடி. கடைசிக் கட்டத்தில் எழுதியிருக்கும் அலகு இதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத வரி ஒன்று இருந்தால் அதை முதலில் கேளுங்கள்.

இதில் ஒரு நடைமுறை விசேஷம் உண்டு. 9 அங்குலச் சுவரை எஸ்டிமேட்டில் கன அளவில் எழுதுவார்கள். அதே வீட்டுக்குள் தடுப்பாக எழுப்பும் நாலரை அங்குலச் சுவரைச் சதுர அளவில் எழுதுவார்கள். அரைச்செங்கல் சுவருக்குக் கனம் மாறாது என்பதால் பரப்பே போதும் என்று வைத்திருக்கிறார்கள். பொதுப்பணித்துறைக் கணக்கிலும் இதே முறைதான். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது தப்பு மாதிரித் தெரியும். தப்பில்லை. ஆனால் இரண்டின் ரேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, மேஸ்திரிகள் பேசும் இரண்டு "நூறு". ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. "பத்து சதுர வீடு" என்றால் 1,000 சதுர அடி. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மணல், ஜல்லி, கிராவல் எல்லாம் இதில் வரும். "பத்து சதுரத்துக்கு இத்தனை யூனிட் ஆகும்" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது முதல் நூறு தரை, இரண்டாவது நூறு குவியல்.

அங்குலத்தைப் புள்ளி வைத்து எழுதாதீர்கள்

அளவெடுப்பதில் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பணம் கரையும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 10 அடி 6 அங்குலத்தை நோட்டில் 10.6 என்று எழுதி, அப்படியே கால்குலேட்டரில் போட்டுவிடுகிறார்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம். 6 அங்குலம் என்பது அரை அடி, ஆகவே 10.5. 3 அங்குலம் 0.25. 9 அங்குலம் 0.75. 5 அங்குலம் 0.417. வேறு எந்த அங்குலமாக இருந்தாலும் 12-ஆல் வகுத்துவிட்டு எழுதுங்கள்.

நீளத்தில் இது சின்ன வித்தியாசமாகத்தான் தெரியும். கனம் என்ற இடத்துக்கு வரும்போது பெரிதாகிவிடும். 1,000 சதுர அடிக்கு 5 அங்குல மேல்தளம் போடுகிறோம். சரியாகக் கணக்குப் போட்டால் 1,000 × 0.417, அதாவது சுமார் 417 கன அடி கான்கிரீட். 5 அங்குலத்தை 0.5 என்று போட்டால் 500 கன அடி. வித்தியாசம் 83 கன அடி, ஏறத்தாழ 2.35 கன மீட்டர். அத்தனை கான்கிரீட்டுக்கு இன்றைய விலை என்ன என்று ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்கு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஓர் அறையை அளந்து பார்ப்போம்

வீட்டிலேயே ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரோரம், தரையை ஒட்டி டேப்பைப் பிடியுங்கள். நீளத்தை இரண்டு எதிரெதிர்ச் சுவர்களிலும் அளக்க வேண்டும், அகலத்தையும் அப்படியே. பழைய வீடுகளில் இரண்டும் ஒத்துப் போவது அபூர்வம். சில அங்குலம் முன்பின் இருந்தால் சராசரி எடுத்துக்கொள்ளலாம். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். எதிர்ச் சுவர்கள் ஒத்துப் போய், இரண்டு குறுக்களவும் சமமாக வந்தால் அறை மூலமட்டத்தில் இருக்கிறது, அதாவது மூலைகள் நேர்கோணத்தில் இருக்கின்றன. வராவிட்டால் ஓரங்களில் டைல்ஸ் வெட்டு விழும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டும்.

நம் அறை நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். தரை 12 × 10 = 120 சதுர அடி. மேல்தளத்தின் அடிப்பக்கமும் 120. சுவர்களுக்குச் சுற்றளவை எடுத்து உயரத்தால் பெருக்க வேண்டும்: 12 + 10 + 12 + 10 = 44 அடி; 44 × 10 = 440 சதுர அடி. இதில் 3 × 7 கதவு ஒன்று (21), 4 × 4 ஜன்னல் ஒன்று (16) போனால் 403. பெயின்ட் அடிக்க மேல்தளத்தின் அடிப்பக்கமும் சுவரும் சேர்த்து 523 சதுர அடி. தரை 120-தானே என்று நினைத்துப் பெயின்ட் வாங்கப் போகிறவர்கள் இந்த நாலு மடங்கைக் கவனிக்க வேண்டும்.

இது எல்லாம் பரப்பு. இனி அறையின் கன அளவு: 12 × 10 × 10 = 1,200 கன அடி. அறைக்குள் இருக்கும் காற்று அவ்வளவு. ஏசி குளிர்விக்க வேண்டியது அந்தக் காற்றையும், அதைச் சுற்றியுள்ள சுவரையும் தளத்தையும். கடையில் "120 சதுர அடிக்கு ஒரு டன் போதும்" என்று சொல்வது சாதாரண 9, 10 அடி உயரத்தை மனதில் வைத்துச் சொல்வது. 13 அடி உயரமுள்ள பழைய வீட்டு அறைக்கும், மொட்டைமாடி வெயில் நேராக இறங்கும் மேல்மாடி அறைக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. உயரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

அறை எல் வடிவில் இருந்தால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு இரண்டு செவ்வகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பெருக்கி, கடைசியில் கூட்டுங்கள்.

சதுர அடி ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும் உயரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். "சதுர அடி இவ்வளவு" என்று காண்ட்ராக்ட் பேசும்போது அதில் உயரம் சொல்லப்படுவதில்லை. 9 அடி உயரத்தில் கட்டினாலும் 1,000 சதுர அடிதான், 11 அடியில் கட்டினாலும் 1,000 சதுர அடிதான். செலவு மட்டும் ஒன்றல்ல.

உள்சுவர் வெளிச்சுவர் எல்லாம் சேர்த்து 200 அடி நீளத்துக்கு 9 அங்குலச் சுவர் ஓடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயரம் ஓர் அடி கூடினால், 200 × 0.75 × 1 = 150 கன அடி கட்டுவேலை கூடுகிறது. கன அடிக்கு ஏறத்தாழ 12 செங்கல் என்று வைத்தால் 1,800 செங்கல். இரண்டு பக்கமும் பூச்சு 400 சதுர அடி. அதன் மேல் பட்டி, பெயின்ட் இன்னொரு 400. கதவும் ஜன்னலும் இருந்த இடத்திலேயே நிற்பதால் இந்த ஓர் அடியில் கழிப்பதற்கும் ஒன்றுமில்லை, முழுக்கச் சுவர்.

அதனால் பேச்சுவார்த்தையின்போதே, "ஏனுங்க மேஸ்திரி, உயரம் எத்தனை அடி வெக்கறீங்க? எங்கிருந்து எதுவரைக்கும்ங்க?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். பேஸ்மட்டத்தின் (சுவர் எழும்பத் தொடங்கும் அடித்தள மட்டம்) மேலிருந்து 10 அடி என்றால், தரை கான்கிரீட்டும் டைல்ஸும் போட்ட பிறகு சில அங்குலம் குறைந்துவிடும். "டைல்ஸ் போட்ட தரையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை 10 அடி" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டால் பிறகு சங்கடமில்லை. தேசியக் கட்டட விதித் தொகுப்பு வசிக்கும் அறைகளுக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. அது சுமார் 9 அடி. சேலத்து ஏப்ரல், மே வெயிலுக்கு அதைவிட ஓர் அடியாவது கூட இருப்பது நல்லது என்பது என் கருத்து. சூடான காற்று மேலே ஏறி நிற்க இடம் கிடைக்கும், ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டரும் வைக்கலாம்.

டபுள் ஹைட் ஹால் ஆசைப்படுகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். மாடியில் தரையே இல்லாத அந்த வெற்றிடத்துக்குச் சதுர அடி கணக்கு உண்டா, இல்லையா? ஆளுக்கு ஒரு விதமாகப் போடுகிறார்கள். போர்டிகோ, படிக்கட்டு அறை ஆகியவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

எந்தச் சதுர அடி?

சதுர அடியிலேயே பல உண்டு. வெளிச்சுவரின் வெளி ஓரத்திலிருந்து அளந்தால் கட்டடப் பரப்பு. காண்ட்ராக்டர் கணக்கு பெரும்பாலும் அதுதான். சுவருக்கு உள்ளே அளந்தால் கார்ப்பெட் ஏரியா. குடியிருக்கும் இடம் அதுதான். அடுக்குமாடியில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொல்வது சூப்பர் பில்ட்அப். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவாக வரையறை வைத்திருக்கிறது: வெளிச்சுவர், சர்வீஸ் ஷாஃப்ட் (பைப், வயர் போகும் குழாய்வழி), உங்களுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேராது, உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும். ஃபிளாட் பார்க்கப் போகும்போது இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

சுவரின் கனம் எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். வெளியளவு 20 × 15 அடி உள்ள ஓர் அறை. கட்டடப் பரப்பு 300 சதுர அடி. 9 அங்குலச் சுவர் என்றால் உள்ளே 18.5 × 13.5, சுமார் 250 சதுர அடி. குகை, செவ்வாய்ப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்றரை அடிச் சுவர் இருந்தால் உள்ளே 17 × 12, வெறும் 204 சதுர அடி. பத்திரத்தில் 300 என்று பார்த்துவிட்டு 300 சதுர அடிக்கு டைல்ஸ் எடுக்கக் கூடாது. அந்தக் கனமான சுவர்தான் வெயிலைத் தாங்கி வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கிறது என்பதும் உண்மை. இடித்து மெலிதாக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்தளம்: கன அளவு உயிரை வாங்கும் நாள்

1,000 சதுர அடி, 5 அங்குலம், 417 கன அடி என்று பார்த்தோம். கன மீட்டரில் 11.8. ரெடிமிக்ஸ் லாரி ஒன்று பொதுவாக 6 கன மீட்டர் கொண்டுவரும். "ரெண்டு லாரி போதும்" என்று தோன்றும். ஆனால் தளத்துக்குக் கீழே தொங்கும் பீம்களைச் சேர்த்தோமா? 9 அங்குல அகலம், தளத்துக்குக் கீழே ஓர் அடி ஆழம், மொத்தம் 80 அடி நீளம் என்றால் 80 × 0.75 × 1 = 60 கன அடி; இன்னொரு 1.7 கன மீட்டர். மொத்தம் 13.5. மூன்றாவது லாரியை முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும். பாதியில் கான்கிரீட் தீர்ந்து, அடுத்த லாரி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு வருவதற்குள் போட்டது இறுகிவிட்டால், அந்த இணைப்பில்தான் பின்னால் மழைத்தண்ணீர் கசியும். பரப்பை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுத்தால் இந்த இடத்தில்தான் அடி விழுகிறது.

சைட்டிலேயே கலவை போடுகிறவர்களுக்கு இன்னொரு படி உண்டு. உலர்ந்த சிமென்ட், மணல், ஜல்லி மூன்றையும் தண்ணீர் விட்டுக் கலக்கும்போது ஜல்லியின் இடுக்குகளில் மணலும், மணலின் இடுக்குகளில் சிமென்ட்டும் புகுந்துகொள்ளும். மொத்தக் கன அளவு சுருங்கும். ஒரு கன அடி கான்கிரீட்டுக்கு உலர்ந்த பொருள் சுமார் 1.54 கன அடி வேண்டும். நம் மேல்தளமும் பீமும் சேர்ந்து 477 கன அடி, உலர்கணக்கில் 734. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை என்றால் மொத்தம் ஐந்தரைப் பங்கு. ஒரு பங்கு 133 கன அடி சிமென்ட். 50 கிலோ மூட்டை ஏறத்தாழ ஒண்ணேகால் கன அடி, ஆக 107 மூட்டை. மணல் 200 கன அடி, அதாவது 2 யூனிட். முக்கால் அங்குல ஜல்லி 400 கன அடி, 4 யூனிட். சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பூச்சு வேலையில் இந்த இரண்டு கணக்கும் ஒரே சுவரில் சந்திக்கின்றன. கொத்தனாருக்குக் கூலி சதுர அடியில். சுவரில் ஏறும் கலவையோ கன அளவில். 1,000 சதுர அடிச் சுவரில் அரை அங்குலம் பூசினால் சுமார் 42 கன அடி கலவை. கட்டு கோணலாக இருந்து, அதை மறைக்க ஓர் அங்குலம் பூச வேண்டி வந்தால் 83. கூலி பில் மாறாது, சிமென்ட் பில் இரட்டிப்பாகும். ஆகவே கட்டுவேலையின்போதே தூக்குக்குண்டு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

லாரி மணலை அளப்பது

டிப்பர் வந்ததும் கொட்டச் சொல்லிவிடாதீர்கள். கொட்டிய குவியலை அளப்பது கஷ்டம். பாடியின் உள் நீளம், உள் அகலம் இரண்டையும் டேப் போட்டு எடுங்கள், வெளியளவு வேண்டாம். உயரத்துக்கு ஒரு மெல்லிய கம்பியை மணலுக்குள் தகடு தட்டும் வரை குத்தி, மணல் மட்டத்தில் விரலை வைத்து வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். நடுவில் கோபுரமாகவும் ஓரங்களில் பள்ளமாகவும் இருக்கும் என்பதால் நாலு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் குத்தி சராசரி எடுக்க வேண்டும். உள்ளளவு 10 × 6 அடி, சராசரி ஆழம் இரண்டரை அடி என்றால் 150 கன அடி, ஒன்றரை யூனிட். அந்த ஆழத்தில் ஓர் அங்குலம் குறைந்தால் 5 கன அடி போச்சு. மூன்று அங்குலம் குறைந்தால் 15. ஈரமணல் உப்பி நிற்கும். அதே மணல் காய்ந்தால் கன அளவு குறையும். ஈரத்தில் உப்பிய மணல் வந்தால் அதைச் சொல்லி விலை பேசலாம். எடைமேடைச் சீட்டோடு டன் கணக்கில் விற்பவர்களும் உண்டு. அங்கே ஈரம் எடையிலும் ஏறும்.

சம்ப்: உள்ளளவு மட்டும்

மேட்டூர்த் தண்ணீர் விடும் நாளில் பிடித்து வைத்துச் செலவு செய்யும் சேலத்து வீடுகளில் சம்ப் இல்லாமல் முடியாது. சம்ப்பை லிட்டருக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். எனவே லிட்டர் எப்படி வந்தது என்பதை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கன அடி 28.3 லிட்டர். உள்ளே 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் 240 கன அடி. சுமார் 6,800 லிட்டர். அதே சம்ப்பை 9 அங்குலச் சுவரின் வெளியிலிருந்து அளந்தால் 9.5 × 7.5 × 5, சுமார் 356 கன அடி. 10,000 லிட்டரைத் தாண்டிவிடும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாமல், கணக்கு மட்டும் 3,000 லிட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. மேலும், தண்ணீர் மேல்மூடி வரை நிற்காது. வரும் பைப்புக்குக் கீழே அரை அடி காலியாக விட்டால் உண்மையில் நிற்பது 8 × 6 × 4.5, சுமார் 6,100 லிட்டர். பூச்சு முடிந்த பிறகு உள்ளே இறங்கி அளந்துவிட்டுப் பணத்தைத் தீருங்கள்.

அலகு மாற்றும்போது

பட்டாவில் ஹெக்டேர், ஏர். பிளானில் மீட்டர். மேஸ்திரி பேச்சில் அடி. ஒரு மீட்டர் 3.28 அடி என்பது எல்லோருக்கும் தெரியும். பரப்புக்கு அதை இரண்டு முறை பெருக்க வேண்டும்: ஒரு சதுர மீட்டர் 10.76 சதுர அடி. கன அளவுக்கு மூன்று முறை: ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. 100 சதுர மீட்டரை 3.28-ஆல் பெருக்கி 328 சதுர அடி என்று சொல்பவர்களைப் பார்க்கலாம். சரியான விடை 1,076. ஓர் ஏர் என்பதும் இந்த 100 சதுர மீட்டர்தான், 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 30 × 40 மனை 1,200 சதுர அடி, இரண்டே முக்கால் சென்ட்.

இதே காரணத்தால்தான், ஒரு தொட்டியின் எல்லாப் பக்கத்தையும் இரண்டு மடங்காக்கினால் உள்பூச்சு நாலு மடங்கும் தண்ணீர் எட்டு மடங்கும் ஆகின்றன.

ஏற்காட்டுச் சரிவில்

அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டால் கணக்கும் கொஞ்சம் சாய்ந்துவிடும். முதலில் மனை. ஆவணத்தில் உள்ள பரப்பு சரிவின் மேல் அளந்தது அல்ல, கிடைமட்டப் பரப்பு. சரிவோடு டேப்பைப் படுக்க வைத்து 100 அடி அளந்தீர்கள், அந்தத் தூரத்தில் நிலம் 25 அடி இறங்குகிறது என்றால், கிடைமட்ட நீளம் சுமார் 96.8 அடிதான். டேப்பை மட்டமாக இழுத்துப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொட்ட இடத்திலிருந்து அடுத்த துண்டு என்று படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கிற மனையைவிடப் பெரிய மனையாகத் தெரியும்.

அடுத்து மண் நிரப்புவது. 40 × 30 அடி இடத்தை மட்டமாக்க வேண்டும். மேல் ஓரத்தில் நிரப்பத் தேவையில்லை, கீழ் ஓரத்தில் 6 அடி. 40 × 30 × 6 போட்டு 72 யூனிட் என்று சொல்லிவிடக் கூடாது. ஆழம் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை போவதால் சராசரி 3 அடி. 3,600 கன அடி, 36 யூனிட். ஆனால் லாரியில் வரும் மண் உதிரி மண். தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினால் அமுங்கும். மண்ணின் தன்மையைப் பொறுத்துக் கால் பங்கு போலக் கூட்டி, 45 யூனிட்டுக்குத் தயாராக இருங்கள். மலை ஏறி வரும் ஒவ்வொரு லோடுக்கும் வாடகை கூடுதல் என்பதால் இந்தக் கணக்கை என்ஜினியரோடு உட்கார்ந்து போடுவது நல்லது.

ஓட்டுக் கூரை வீடு என்றால் கூரையின் பரப்பும் தரையின் பரப்பும் வேறு வேறு. 30 × 20 அடி வீடு, தரை 600 சதுர அடி. நடு முகடு சுவரைவிட 5 அடி உயரம் என்றால், 10 அடி பாதி அகலத்துக்குச் சரிவின் நீளம் 11.2 அடி. இரண்டு பக்கமும் சேர்த்துக் கூரை சுமார் 670 சதுர அடி. வெளியே நீளும் தாழ்வாரம் தனி. ஓட்டுக்கு இந்த எண். இரண்டு முனையிலும் முக்கோணச் சுவர் வரும். ஒவ்வொன்றும் 20 × 5-இல் பாதி, 50 சதுர அடி.

உள்ளே இருக்கும் காற்றுக்கு வேறு எண். சுவர் 9 அடி, முகடு 14 அடி, சராசரி 11.5. கன அளவு 600 × 11.5 = 6,900 கன அடி. 9 அடி உயரத்தில் பலகைத் தளம் அடித்துவிட்டால் நீங்கள் இருக்கும் இடம் 5,400 கன அடி. டிசம்பர், ஜனவரி குளிரில் ஹீட்டர் போடுகிறவர்களுக்கு இந்த 1,500 கன அடி பெரிய விஷயம். சூடு முகட்டுக்கு ஏறிவிடும், கால் மட்டும் சில்லிடும். சேலத்தில் உயரம் கேட்ட நானே ஏற்காட்டில் தாழ்வான தளத்தைச் சொல்வது இதனால்தான்.

மழைநீர்த் தொட்டிக்குத் திரும்பவும் தரைப் பரப்புக்கே வர வேண்டும். கூரை எவ்வளவு சரிந்திருந்தாலும், மழை நேராக இறங்கும்போது அது மறைக்கும் கிடைமட்ட இடம்தான் மழையைப் பிடிக்கிறது. 670 அல்ல, 600, அதோடு தாழ்வாரம் நீளும் அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி 55.7 சதுர மீட்டர், 10 மி.மீ. மழைக்கு 557 லிட்டர். முதல் மழையில் கூரையின் தூசியும் இலையும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு வைத்து, ஓடு நனைந்து குடிப்பதையும் கழித்துக்கொண்டு, பத்தில் எட்டுப் பங்கு தொட்டிக்கு வரும் என்று வைத்தால் சுமார் 445 லிட்டர். 50 மி.மீ. கொட்டும் ஒரே நாளில் 2,200 லிட்டரைத் தாண்டும். தொட்டியை அந்த அளவுக்குப் பார்த்து, உள்ளளவில், பைப்புக்குக் கீழே அரை அடி விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.